அம்புக்குறி ஒட்டிய புத்தகம்

அந்த ஸ்டிக்கர் சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. சிவப்பு நிறம், அம்புக்குறி வடிவம். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்கள் அதை ஒரு வரிசை உரித்து இடது புறங்கையில் ஒட்டி வைத்திருப்பார்கள். தையல் விட்டிருந்தாலும் எண்ணெய்க் கறை பட்டிருந்தாலும் அந்த இடத்தைக் காட்டி ஒன்றை ஒட்டுவார்கள். அம்பு ஒட்டிய துணி தைத்தவரிடமே திரும்பி வரும். அவர் பிரித்துச் சரிசெய்து கொடுத்த பிறகுதான் பேக்கிங் பெட்டிக்குப் போகும். நேற்று சாயங்காலம் அப்படி ஒரு தாள் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்து, நல்லூரில் வீடு வந்து சேரும்வரை பைக்கில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். திங்கட்கிழமை என் மகள் காலேஜுக்குப் போகிறாள். பி.காம். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் காலேஜுக்குப் போகிற முதல் ஆள் அவள்தான். அவளைவிட எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவள் துணிகளை நானே இரண்டு தடவை இஸ்திரி போட்டுவிட்டேன். நான் பத்தாவதோடு நின்றவன், காலேஜைப் பற்றி இவனுக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நான் காலேஜுக்குள் இருந்ததெல்லாம் ஒரு வராந்தாவில் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தைத்தான், மகளுக்கும் அவளைப் போலப் புதிதாகப் போகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன்.

மகள் அப்போது தொட்டிலில் கிடந்தாள். நான் வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனியில் டெய்லர். பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு செக்கிங் வேலைக்கு ஒரு பெண் வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா இல்லை. அம்மா வேறொரு கம்பெனியில் தையல். அந்தப் பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் பிசிக்ஸ் கிடைத்த செய்தி வந்த நாளிலிருந்து எங்களில் யாரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘காலேஜு, அந்த பண்டலை எடு’, ‘காலேஜு, டீ ஆறுது பாரு’ என்றே ஆகிவிட்டது. அவளும் சிரித்துக்கொண்டே வருவாள். கம்பெனிக்கே சீட்டு கிடைத்த மாதிரி ஒரு பெருமை எங்களுக்கு.

அவள் வேலையை விட்டு நிற்கிற அன்றைக்கு டீ நேரத்தில் ஆளாளுக்குப் புத்தி சொன்னோம். அயர்ன் மாஸ்டர், “முன்னாடி பெஞ்சுல மட்டும் உக்காராத கண்ணு, வாத்தியாரு எச்சில் தெறிக்கும்” என்றார். துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷின் அக்கா, “புதுச் செருப்புப் போட்டுட்டுப் போகாத. கடிச்சுப்போட்டுதுன்னா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நொண்டோணும்” என்றது. நான் பெரிய அனுபவஸ்தன் மாதிரிக் குரலைத் தாழ்த்தி, “புரியலைன்னாலும் புரிஞ்சாப்பல தலையாட்டிப்போடு கண்ணு. எதையும் கேட்டு வெக்காத. கேட்டாத்தான் நமக்குத் தெரியாதுங்கறது வெளிய தெரியும். மூணு நாள்ல தானாப் பழகிரும்” என்றேன். காலேஜ் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர்கள் நாங்கள். இருந்தாலும் நான் கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாக நம்பித்தான் சொன்னேன். எங்கள் தொழிலில் ஆள் சேருகிற விதமே அப்படி. கம்பெனி வாசலில் ‘ஓவர்லாக் தெரியுமா’ என்று கேட்டால், அந்த மிஷினைக் கண்ணால்கூடப் பார்க்காதவனும் தெரியும் என்பான். உள்ளே போய்ப் பக்கத்து ஆளை ஓரக்கண்ணால் பார்த்து, நூல் கோத்து, விரலில் ஊசி ஏற்றிக்கொண்டு மூன்று நாளில் பழகிவிடுவான். நான் அப்படித்தான் டெய்லர் ஆனேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தையை அவளுக்குக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தாள். லீவா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாள். செவ்வாய்க்கிழமையும் நின்றாள். காலேஜ் பையை டேபிளுக்கு அடியில் வைத்திருந்தாள். புதன்கிழமை நான் தைத்த டீ-சர்ட் ஒன்று கழுத்துப் பட்டியில் சிவப்பு அம்போடு என்னிடம் திரும்பி வந்தது. வம்புக்கு இழுக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

“ஏனுங் காலேஜு, இதுல என்ன குத்தங் கண்டு பிடிச்சீங்க?”

“தையல் விட்டுருக்குண்ணே.”

“கண்ணுக்கே தெரியலையே. விட்டிருந்தீன்னா அப்படியே பெட்டிக்குப் போயிருக்குமல்லோ.”

“போயிருக்கும்ண்ணே. போன எடத்துல பிரிஞ்சிருக்கும்.” சொல்லிவிட்டு அவள் கை நின்றது. “நானும் அப்படித்தாண்ணே போயிட்டேன்.”

பிறகு மெதுவாகச் சொன்னாள். எல்லாப் பாடமும் இங்கிலீஷில் நடக்கிறது, அவள் பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவள். முதல் பரீட்சையில் பேரை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தாளாம். இனிமேல் காலேஜுக்குப் போகப் போவதில்லை. அம்மாவுக்கு இன்னும் தெரியாது, பையை மாட்டிக்கொண்டு காலேஜுக்கு என்று கிளம்பி இங்கே வந்துவிடுகிறாள். “நீங்க சொன்னபடிதாண்ணே தலையாட்டுனேன். மூணு நாளு ரெண்டு மாசமாச்சு, பழகவே மாட்டேங்கு” என்றாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. என்மேல் குறை இருப்பதாகவே அவள் நினைக்கவில்லை. தன்னால் சரியாகத் தலையாட்ட முடியவில்லை என்றுதான் வருத்தப்பட்டாள். டீ-சர்ட்டை என் மிஷினுக்கு எடுத்துப் போய் அந்தத் தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. பிசிக்ஸ் புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். புறங்கையிலிருந்து ஒரு அம்பை உரித்து ஒரு வரிக்குப் பக்கத்தில் ஒட்டினாள். கொஞ்சம் படித்தாள், இன்னொன்று ஒட்டினாள். துணியைச் செக் பண்ணுகிற அதே வேகம் கைக்கு வந்துவிட்டது. பக்கம் பக்கமாகப் புரட்டி ஒட்டிக்கொண்டே போனாள். அயர்ன் மாஸ்டர் எட்டிப் பார்த்து, “என்ன காலேஜு, புஸ்தகத்துக்கு அம்மை போட்டுருக்குது?” என்றார். மூன்று நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள். அவர் விடவில்லை. “இத்தனை ஆல்ட்ரேஷனை யாரு பண்றது?”

“தச்சவங்கதாண்ணே பண்ணணும்” என்றாள். சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேட்க வேண்டாம் என்று தைத்துவிட்டவன் நான்தானே. “நாளைக்குக் காலையில இந்தப் புஸ்தகத்தோட உன்னைய வண்டியில உங்க வாத்தியாருகிட்டயே கூட்டீட்டுப் போறேன் கண்ணு” என்று அப்போதே சொன்னேன்.

மறுநாள் பர்மிஷன் போட்டுவிட்டு அவளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போன வேகத்தை இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. இரண்டு வேகத்தடையில் அவள் பை கீழே விழப் பார்த்தது. ஆசிரியர்கள் அறை வாசலில் அவள் கால் நின்றுவிட்டது. அவள் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டு நான் வராந்தாத் தூணோரம் நின்றேன். அவள் திரும்பி என் கண்ணைப் பார்த்தால் ஓடி வந்துவிடுவாள் என்று தெரியும், அதனால் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தேன். உள்ளே போனாள். பிசிக்ஸ் மேடம் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

“இவ்வளவு நாளா ஏம்மா கேக்கலை?” என்றார்.

அவள் என் பக்கம் பார்த்தாள். நான் வாசலுக்கு வந்து, “நாந்தானுங்க கேக்க வேண்டாம்னு சொன்னனுங்க” என்றேன்.

“நீங்க யாரு, அப்பாவா?”

“இல்லீங்க. டெய்லருங்க.”

மேடம் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காரு. முதல் அம்புல இருந்து பாக்கலாம்” என்றார். முதல் அம்பு ஒட்டியிருந்தது ‘மொமென்ட் ஆஃப் இனர்ஷியா’ என்கிற வார்த்தையில். “இது உனக்குத் தெரிஞ்சதுதாம்மா. ஸ்கூல்ல நிலைமத் திருப்புத்திறன்னு படிச்சிருப்ப” என்று மேடம் சொன்னதும், “அதுவா மேடம் இது?” என்று அவள் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. தெரிந்த ஆளையே வேறு சட்டையில் பார்த்து அடையாளம் தெரியாமல் இரண்டு மாதம் பயந்திருக்கிறாள்.

அன்றைக்குச் சாயங்கால டீ நேரத்தில் காலேஜ் பையோடு கம்பெனி வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். மூச்சு வாங்கச் சொன்னாள்: வகுப்பில் பாதிப் பேர் ஸ்டிக்கர் கேட்கிறார்களாம். முதல் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற பெண்தான் முதலில் கேட்டாளாம். “அவளுக்கும் புரியலையாம்ண்ணே! என்னைய திரும்பிப் பார்த்துத்தான் அவ தலையாட்டுனாளாம்.” அப்புறம் என் பைக்கை ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அந்த நிலைமத் திருப்புத்திறன் என்றால் என்ன என்று எங்கள் எல்லோருக்கும் பாடமே நடத்தினாள். சக்கரம் சுற்றியது, அவள் முகம் ஜொலித்தது. நான் “ஆமாமா, சரி சரி” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் அன்று ராத்திரியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அதன் பிறகு ஸ்டிக்கர் வாங்க மட்டும்தான் செக்கிங் டேபிளுக்கு வந்தாள்.

அந்தக் ‘காலேஜு’ இன்றைக்கு ஒரு காலேஜில் பிசிக்ஸ் நடத்துகிறார். போன வாரம் போன் பண்ணி, மகளுக்கு என்ன சொல்லி அனுப்புவதுங்க என்று கேட்டேன். “என்னண்ணே வாங்க போங்கன்னு, காலேஜுன்னே கூப்பிடுங்க” என்று திட்டிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார். தமிழில் கேட்டால் கேவலம் என்று நினைக்க வேண்டாம், வாயில் வருகிற மொழியில் கேட்கட்டும் என்றார். முதல் பரீட்சையில் குறைந்தால் வீட்டில் மறைக்காத அளவுக்கு நீங்கள் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்திருங்கள் என்றார், அது எனக்கு. அவர் வகுப்பில் ரொம்ப நன்றாகத் தலையாட்டுகிற பிள்ளையிடம்தான் முதலில் போய் நிற்பாராம். கடைசியாக, “செருப்பு மட்டும் பழசாப் போட்டுட்டுப் போகச் சொல்லுங்கண்ணே. அன்னைக்கு நீங்க எல்லாரும் சொன்னதுல அது ஒண்ணுதான் சரியா இருந்துச்சு” என்றார்.

இதுவரை எழுதியதை இன்று காலை மகளிடம் படிக்கக் கொடுத்து, ஸ்டிக்கர் தாளையும் கொடுத்தேன். அரைமணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்தாள். இரண்டு அம்பு ஒட்டியிருந்தது. ஒன்று வாத்தியார் எச்சில் தெறிக்கும் என்கிற இடத்தில். “இதை எடுத்துருங்கப்பா, எங்க சார் யாராவது படிச்சா என்ன நினைப்பாங்க” என்றாள். எடுக்க மாட்டேன் என்றேன். இன்னொன்று பைக் சக்கரம் சுற்றுகிற இடத்தில்.

“அந்த அக்கா சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதாப்பா?”

பழக்கத்தில் தலை ஆடப் போனது. பிடித்து நிறுத்தினேன்.

“இல்ல கண்ணு. அன்னைக்கும் சும்மாதான் தலையாட்டுனேன்.”

அவள் அந்த அம்பை எடுக்கவில்லை. விரலால் இன்னும் கொஞ்சம் அழுத்தி ஒட்டினாள். “நம்ம வீதியில இருந்து பிசிக்ஸ் சேர்ந்த புள்ள ஒருத்தி என்கூட பஸ்ல வர்றாப்பா. திங்கக்கிழமை அவகிட்டக் கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்று, அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துக் காலேஜ் பையில் வைத்துக்கொண்டாள்.