நின்றுபோன மேளம்

கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு மெட்டுப் போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் யாரும் சுலக்ஷனாவை நேரே கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கேட்காதவர் யாருமில்லை. கேட்டுவிட்டுப் போகட்டும். கொழுந்து எடுப்பவளைத் தவிர மற்ற எல்லாப் பெண்களையும் சோம்பேறி என்று நினைக்கும் ஊர் அது.

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டைத் தாண்டிப் பொகவந்தலாவைக்குப் போகிற வழியில் அவர்களுடைய தோட்டம். புருஷன் நிரோஷன் கல்யாணம், திருவிழா என்று சவுண்ட் செட் வாடகைக்குக் கொண்டுபோகிறவன். கட்டி வந்த புதிதில் அவனுக்கு உதவியாக சவுண்ட் மிக்சரில் கைவைத்தவள், பிறகு பழைய லேப்டாப் ஒன்றில் தானாகவே இசை கோக்கக் கற்றுக்கொண்டாள். கொழும்பில் ஒரு சின்னக் கம்பனி அவளிடம் மாதிரிக்கு ஓர் இசை கேட்டிருந்தது. தேயிலை மலைக்குள் சிறுத்தையிடமிருந்து ஒளிந்து ஒளிந்து ஒரு சிறுமி வீடு போய்ச் சேரும் விளையாட்டு. வியாழக்கிழமை மாலைக்குள் அனுப்பவேண்டும். பிடித்துப்போனால் வீட்டிலிருந்தே நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால், ஏற்கெனவே பேசிவைத்தபடி, கொழும்புப் பக்கம் கார்மெண்டுக்குத் துணி தைக்கப் போகவேண்டும், மூன்று வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு.

கம்பனியில் இரண்டு முதலாளிகள், இரண்டு கட்சி. அங்கே வேலை செய்யும் தர்ஷன்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னான்.

"ஒருத்தர் ஜப்பான் கேம் விளையாடி வளந்தவருங்க அக்கா. மெட்டு இருக்கணும், ஆட்டத்த மூடிட்டுப் போனாலும் வாய் அதையே பாடணும்ங்கிறாரு. மத்தவருக்கு வெள்ளைக்காரங்க பாணி. மியூசிக் இருக்கதே தெரியக்கூடாது, ஆடுறவன் பின்னாடியே நெழல் மாதிரி போகணும்ங்கிறாரு. நீங்க எதைச் செய்யப் போறீங்க?"

அவள் இரண்டு பக்கத்தையும் கேட்கத் தொடங்கினாள். ஜப்பான்காரர்களின் பழைய விளையாட்டுகளில் இயந்திரத்துக்கு ஒரே நேரத்தில் மூன்று நான்கு குரல்தான் வருமாம். அந்தக் குரல்களை வைத்துக்கொண்டே கோயில் பஜனைபோலச் சுற்றிச் சுற்றி வரும் மெட்டுகளைப் போட்டிருந்தார்கள். நூறாவது தரமும் சலிக்காது. வெள்ளைக்காரர்களோ சினிமாக்காரர்களைப்போல வாத்தியங்களை அடுக்கடுக்காக வைத்திருந்தார்கள். ஆபத்து நெருங்கினால் ஓர் அடுக்கு ஏறும், விலகினால் இறங்கும். எல்லாரும் அப்படியே என்றில்லை, இங்கே அதுவும் அங்கே இதுவும் உண்டு. ஆனால் சண்டை என்று வந்தால் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்?

அடுக்கு முறையைக் கேட்டபோது அவளுக்குத் தப்பு மேளம்தான் ஞாபகத்துக்கு வந்தது. தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்படிப்பவர் பாடையைப் பார்த்துத்தான் அடிப்பார். பாடை நின்றால் ஓர் அடி, திரும்பினால் ஓர் அடி. முந்தின வருஷம் தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கில் ஒரு சாவுக்குப் போனபோது அதைப் போனில் பிடித்துவைத்திருந்தாள். மெட்டுக்கு ஒன்று, அடுக்குக்கு ஒன்று என்று இரண்டு மாதிரி செய்தவள், அடுக்கு மாதிரியில் சிறுத்தை வரும் இடத்துக்கு அதைப் போட்டாள். வெட்டினாள், ஒட்டினாள், வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள். கேட்டுக் கேட்டு அது சாவு மேளம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. லேப்டாப்பில் அதற்கு 'நாலாம் அடுக்கு' என்று பெயர், அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை மாமனார் கந்தப்பனுக்கு வயிற்றில் ஆபரேஷன். நிரோஷன் ஆஸ்பத்திரியில் அவரோடு இருந்தான். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னாலே பயப்படுகிறவள் மாமியார் ராசம்மா. வீட்டில் உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். குழந்தை தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், ஆயாவிடம். சுலக்ஷனா தனியாக இருந்தாள்.

கடைசியாக ஒருதரம் சரிபார்க்க உட்கார்ந்தபோது இயர்போனில் ஒரு பக்கம் செத்துக் கிடந்தது. கிடைத்த ஒற்றைக் காதில் தப்பின் அடி விழவேயில்லை. மூலையில் நிரோஷனின் பெரிய ஸ்பீக்கர் பெட்டி நின்றது. மாலை நெருங்குகிறது என்ற பதற்றத்தில் வேறெதையும் யோசிக்காமல் வயரைச் செருகினாள். முதலில் மெட்டு மாதிரியைப் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. பிறகு அடுக்கு மாதிரியை. நாலாம் அடுக்கு ஏறியபோது தகரக் கூரை அதிர்ந்தது. அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

கதவு படபடவென்று தட்டப்பட்டது. சட்டென்று நிறுத்திவிட்டுத் திறந்தாள்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ஜெயந்தினி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "எப்ப போன் வந்துச்சு? ஐயோ, நல்லாத்தான போனாரு மாமா."

"என்னா சொல்றீங்க?"

"தப்பு அடிச்சிச்சே."

அப்போதுதான் சுலக்ஷனாவுக்கு உறைத்தது. லயத்து வாசல்களிலெல்லாம் ஆட்கள் நின்றார்கள். மலைச்சரிவில் பெண்கள் கூடையும் கையுமாக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால், குறுக்கே செடிகளைப் பிளந்துகொண்டு ஓர் உருவம் விழுந்தெழுந்து வந்துகொண்டிருந்தது.

ராசம்மா உள்ளே வந்தபோது தலையில் துணி இல்லை. முழங்கால் கிழிந்து இரத்தம் சேற்றோடு வழிந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தாள், திரும்பி முன்திண்ணை இஸ்தோப்பைப் பார்த்தாள்.

"எங்க கெடத்தியிருக்கீங்க?"

"மாமி, மாமாவுக்கு ஒண்ணும் இல்லீங்க. இது கம்ப்யூட்டர்ல வந்த சத்தம். நான் போட்டது."

யாரும் நம்பவில்லை. மெதுவாகச் சொல்லவேண்டும் என்று மறைக்கிறாள் என நினைத்தார்கள். நிரோஷனுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். அணைத்துவைத்திருந்தான். இப்போது அவளுக்கே பயம் பிடித்துக்கொண்டது. உண்மையாகவே ஏதாவது நடந்திருந்தால்? இந்த நேரம் பார்த்து இந்த மேளத்தைப் போட்ட தன் கையை வெட்டிப்போட வேண்டும் போலிருந்தது.

"ஆபரேசனுக்குப் போன மனுசனுக்கு வீட்டுலருந்தே சாவு மேளம் போட்டு அனுப்பிட்டாளே" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? ராசம்மா மட்டும் சுவரில் சாய்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. நிரோஷன். சுலக்ஷனா எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"முடிஞ்சிருச்சு. அப்பா கண்ணு முழிச்சிட்டாரு. நல்லா இருக்காரு."

"அவர பேசச் சொல்லு" என்றாள் ராசம்மா. "நீ சொன்னா நான் நம்பமாட்டேன்."

அங்கே ஏதோ சரசரத்தது. பிறகு தேய்ந்துபோன ஒரு குரல் வந்தது. "கொழுந்து நெறுத்தாச்சா?"

ராசம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். கூட்டம் ஒருவர்பின் ஒருவராகக் கலைந்தது, போகிறபோக்கில் சுலக்ஷனாவுக்கு ஆளுக்கொரு திட்டைக் கொடுத்துவிட்டு. அவள் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வெந்நீர் வைத்து மாமியாரின் முழங்காலைக் கழுவினாள்.

"அந்தச் சத்தத்த அழிச்சிர்றேன் மாமி. சத்தியமா."

ராசம்மா காலை இன்னும் நீட்டிக் கொடுத்தாள். பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னாள். "மேளம் கேட்டுக்கிட்டு இருக்கவரைக்கும் ஓடியாந்தேன் புள்ள. அந்தச் சத்தத்தப் புடிச்சிக்கிட்டே வந்தேன். பாதியில சட்டுனு நின்னுச்சு பாரு, அப்பதான் கால் போயிருச்சு. இனி ஒண்ணும் இல்லன்னு ஆயிருச்சு."

சுலக்ஷனாவின் கை துணியோடு அப்படியே நின்றது. அவள் மனது 'சட்டுனு நின்னுச்சு' என்ற வார்த்தையைப் பிடித்து உள்ளே வைத்துக்கொண்டுவிட்டது. கிழவி இரத்தம் ஒழுக உட்கார்ந்திருக்கும்போது தனக்கு இப்படி ஒரு புத்தி போகிறதே என்று வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டேதான் லேப்டாப்புக்குப் போனாள்.

தப்பை முழுதாக அழித்தாள். மெட்டு மாதிரியைத் திறந்தாள். சிறுமி நடக்கும்போதெல்லாம் கேட்கும், வாய் தானாகப் பாடும் அந்த மெட்டு. சிறுத்தை கிட்டே வர வர அதிலிருந்து ஒவ்வொரு வாத்தியமாக எடுத்தாள். கடைசியில் புல்லாங்குழல் மட்டும் தனியாக வந்தது. அதையும் பாதி வரியில் அறுத்தாள். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரிலேயே மெதுவாக வைத்துக் கேட்டுப் பார்த்தபோது அவளுக்கே முதுகு சில்லிட்டது. அனுப்பிவிட்டாள்.

மகளைக் கூட்டிவந்து சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது தர்ஷன் கூப்பிட்டான்.

"ரெண்டு பேரும் பேச்சு மூச்சில்லாம உக்காந்துட்டாங்க அக்கா. மெட்டு நிக்கிற எடத்தத் திரும்பத் திரும்பப் போடச் சொல்றாங்க. வேலை உங்களுக்குத்தான். அது ஜப்பான் பாணியா, வெள்ளைக்காரன் பாணியான்னு இப்ப அதுக்கு வேற சண்டை. எப்புடி யோசிச்சீங்க?"

சும்மா தோணிச்சு என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அடுப்படியில் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த ராசம்மா தலையைத் தூக்கினாள். "என்னாவாம்?"

"புடிச்சிருக்காம் மாமி. நான் கார்மெண்டுக்குப் போகத் தேவல்ல."

ராசம்மா பேத்தியைப் பார்த்துத் தலையாட்டினாள். மறுபடி எண்ணெயைத் தொட்டாள்.

"நீ மெதுவா வச்சது எனக்கும் கொஞ்சம் கேட்டுச்சு, நல்லாத்தான் பாடுது" என்றாள். "அந்த நிக்கிற எடத்த மட்டும் எனக்குப் போட்டுக் காட்டாத புள்ள."