வண்டி கேட்டவருக்கு வாய்தா

வக்கீல் தொழிலில் வாதாடுவதைவிடக் காத்துக் கிடப்பதுதான் அதிகம் என்பது, என்னைப் போல ஜூனியராய்க் காலந்தள்ளிய பாவப்பட்ட ஜீவன்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

அஞ்சு வருஷம், ஒரே வசனம்

படித்து முடித்ததும் புதுச்சேரி கோர்ட்டில் ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். அவர் ஒரு கோர்ட்டில் வாதாடுவார். நான் இன்னொரு கோர்ட்டுக்கு ஓடிப்போய், "ஒரு வாரம் வாய்தா வேணும் ஐயா" என்பேன். அஞ்சு வருஷத்தில் நான் பேசியது அவ்வளவுதான். அம்மாவோ, பொண்ணு கொலைக் கேஸெல்லாம் நடத்துறா என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். சீனியரின் குமாஸ்தாதான் உள்ளதைச் சொன்னார்: "நீ கேட்டு ஜட்ஜு இல்லேன்னதே இல்லம்மா. அதுல நீ கெட்டிக்காரிதான்."

சாரத்தில் போர்டு

புதுச்சேரியிலேயே சாரம் என்கிற பகுதியில் தனியாகப் போர்டு மாட்டினேன். முதல் கட்சிக்காரர், மொபெட்டில் மீன் விற்கும் அஞ்சலை அக்கா. ரெட்டியார்பாளையத்தில் ஒரு கார் இடித்ததில் கேஸாகி, மொபெட் பத்து நாளாக ஸ்டேஷனில் நிற்கிறது. பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற கண்டக்டர் விடமாட்டேன் என்கிறார். வண்டியைத் திருப்பித் தரச் சொல்லி மனு போட்டேன். அக்கா சொன்னது: "சீக்கிரம் வாங்கிக் குடு வக்கீலம்மா. வாடிக்கைக்காரங்க வேற ஆள்கிட்ட வாங்கிப் பழகிட்டா, என் பொழப்பு போச்சு."

நாக்கு செய்த வேலை

மனு விசாரணைக்கு வந்தது. போலீஸ் தரப்பு வக்கீல் ஆட்சேபணை இல்லை என்றுவிட்டார். இனி ஜட்ஜ் உத்தரவு போடுவதுதான் பாக்கி. "நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று என்னைக் கேட்டார். எழுந்தேன். "ஒரு வாரம் வாய்தா வேணும் ஐயா."

கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார், தேதி போட்டுவிட்டார். அடுத்த கேஸைக் கூப்பிட்டும் விட்டார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வராந்தாவில் அக்கா நிதானமாகக் கேட்டது: "நான் வண்டிய கேட்டேன். நீ ஒரு வாரத்த கேட்டு வாங்கியாந்துட்டியே?"

மத்தியானம்

சாப்பாட்டுக்குப் பிறகு கோர்ட் கூடியதும் முதல் ஆளாக எழுந்து நின்றேன். சாக்குப்போக்கு எதுவும் தோன்றவில்லை. "ஐயா, அஞ்சு வருஷமா கேட்டுக் கேட்டு வாய் பழகிப்போச்சு. எனக்கு வாய்தா வேணாம், இவங்க வண்டிய விட்டாப் போதும்" என்றேன். கோர்ட்டே சிரித்தது, ஜட்ஜும்தான். அப்போதே உத்தரவு போட்டார்.

சாயங்காலம் ஸ்டேஷன் வாசலில் மொபெட்டை நாலு உதை விட்டுக் கிளப்பிய அக்கா, போகிற போக்கில் சொன்னது: "இனிமே கோர்ட்டுல வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி எம் மூஞ்சிய ஒரு தரம் பாத்துக்க."

இன்றைக்கும் ஜட்ஜ் கேள்வி கேட்டால் கட்சிக்காரர் மூஞ்சியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன், அதைப் பார்த்து, ரொம்ப யோசித்துப் பேசுகிற வக்கீல் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது.