வெள்ளை நூல் தையல்

எங்கள் ஸ்ப்ளிட் துறைமுகத்தில், தீவுகளுக்குக் கப்பல் ஏறுகிறவர்கள் காத்திருக்கும் கூடத்தில், எதிர்ச்சுவர் முழுக்க ஒரு படம் உண்டு. கணுக்கால் ஆழக் கடலுக்கு மேலே ஒருவன் குறுக்காகப் பறக்கிறான். நீட்டிய கையின் உள்ளங்கையில் ஒரு சின்னப் பந்து. முகத்தைத் தோளும் தெறித்த தண்ணீரும் மறைத்துவிட்டன. கீழே பெரிய எழுத்தில் 'லூக்ஷா, பிட்சிகின் மன்னன்' என்று போட்டிருந்தது. பிட்சிகின் என்பது ஆழமில்லாத கடலில் எங்கள் ஊர்க்காரர்கள் ஆடுகிற பந்தாட்டம்.

பறப்பவன் லூக்ஷா இல்லை. என் புருஷன் விஸ்கோ.

அந்த நீல நீச்சல் டிரவுசர் இடுப்போரம் பாறையில் கிழிந்தபோது ஒட்டுப் போட்டவள் நான். வீட்டில் நீல நூல் இல்லை. வெள்ளை நூலில், கோழி கிளறியது மாதிரி தைத்துக் கொடுத்தேன். படத்தில் அந்தத் தையல் அப்பட்டமாகத் தெரிகிறது. லூக்ஷாவும் அதில் இருக்கிறான், இல்லையென்று சொல்லமாட்டேன். வலது ஓரத்தில் பந்தை வாங்குவதற்காக ஒரு கை நீண்டிருக்கிறதே, முழங்கையோடு வெட்டுப்பட்டு, அதுதான் அவன்.

படம் எடுத்தவன் வெளியூர்க்காரன், எடுத்துவிட்டுப் போய்விட்டான். அதை அச்சடிக்க வந்தவர்கள் கடற்கரையில் "இது யார்?" என்று கேட்ட வாரம் விஸ்கோ மஞ்சள்காமாலையில் படுத்துக்கிடந்தான். லூக்ஷா வாய் கூசாமல் "நான்தான்" என்றான். கூட ஆடுகிற மற்ற மூன்று பேரும் நமக்கேன் வம்பு என்று கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்புறம் அவனுக்கு யோகம்தான். வெளிநாட்டுக்காரர்களுக்குப் பிட்சிகின் கற்றுக்கொடுத்தான், டிவியில் வந்தான். ஊரிலிருக்கும் பழைய அரண்மனையைச் சுற்றிவிட்டு, அதிர்ஷ்டத்துக்காகப் பிஷப் சிலையின் கால் கட்டைவிரலைத் தடவிவிட்டு வருகிற பெண்கள், அடுத்து இவன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். விஸ்கோவுக்குக் கப்பல் கயிறு கட்டுகிற வேலை. மழை வந்தால் அவன் ஒதுங்குவது அந்தக் கூடத்தில்தான், அந்தப் படத்துக்குக் கீழேதான்.

எனக்கு வயிறு எரியும்.

"அந்த டிரவுசர் பீரோவுலதான் கெடக்கு. எடுத்துட்டுப் போய் அவன் மூஞ்சில வீசிட்டு வரேன்" என்றேன் ஒருநாள்.

"கந்தலத் தூக்கிக்கிட்டு நியாயம் கேக்கப் போறியா? பேசாம இரு."

"அப்ப அவன்கூட ஆடறதயாவது நிறுத்தித் தொலை!"

"நான் ஏன் நிறுத்தணும்? நான் போனா என் எடமும் அவனுக்குத்தான். இருக்கட்டும். ஒருநாள் வரும்."

என் புருஷன் வீம்புக்குப் பிறந்தவன். மேல்வீட்டுக்காரன் ஒருமுறை அவன் குரலைக் கழுதையோடு சேர்த்துப் பேசிவிட்டான். பாட்டே பிடிக்காத மனுஷன் அந்தக் குளிர்காலம் முழுக்கக் குளியலறையில் பாடினான். மேல்வீட்டுக்காரன் வீடு மாறிப் போன அன்றுதான் நிறுத்தினான்.

ஆனால் பிட்சிகினில் வீம்பு காட்டுவது லேசில்லை. கட்சி கிடையாது, புள்ளி கிடையாது, ஜெயித்தவன் தோற்றவன் கிடையாது. ஐந்து பேர் வட்டமாக நின்று ஒரு பந்தைத் தண்ணீரில் விழாமல் தட்டித் தட்டிக் காப்பாற்றவேண்டும், அவ்வளவுதான். தோற்பவனே இல்லாத ஆட்டத்தில் ஒருவனை எப்படித் தோற்கடிப்பது? இதைத்தான் விஸ்கோ வருஷக்கணக்காக மனசுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தான்.

போன புத்தாண்டுக் காலையில் திடீரென்று அந்தப் பழைய டிரவுசரைக் கேட்டான். புத்தாண்டன்று எவ்வளவு குளிரானாலும் பாச்வித்சே கடலில் இறங்கி ஆடியே தீருவார்கள், ஊரே கரையில் நிற்கும். லூக்ஷாவைப் படம் பிடிக்க அன்று வெளிநாட்டு டிவியும் வந்திருந்தது.

"எதுக்கு இந்தக் கந்தல்?"

"படத்துல இருக்கே, அதே பந்த அவனுக்குக் குடுக்கப்போறேன். தாழ்வா, எடப்பக்கமா, எட்டாத தூரத்துல. மன்னன்தானே, பறக்கட்டும். எத்தன கேமரா இருக்கோ அத்தனையும் பாக்கட்டும்."

என் வயிற்றில் பால் வார்த்தான். டிரவுசரை இஸ்திரி போட்டே கொடுத்தேன்.

கரையில் சுடச்சுட ஒயினும் பொரித்த இனிப்பு உருண்டைகளும் கைமாறிக்கொண்டிருந்தன. லூக்ஷா தொப்பையைத் தட்டிக்கொண்டு இறங்கினான். விஸ்கோவைப் பார்த்து, கேமராவுக்குக் கேட்கிற மாதிரி, "என்னடா, பொண்டாட்டி புது டிரவுசர் வாங்கித் தரமாட்டேங்கறாளா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிடா மகனே, சிரி.

கொஞ்ச நேரம் பந்து சும்மா சுற்றி வந்தது. பிறகு விஸ்கோ கொடுத்தான். சொன்னபடியே கொடுத்தான். பந்து தண்ணீரை ஒட்டி, இடப்பக்கமாக, எட்டாத தூரத்துக்குப் போனது.

லூக்ஷா பறந்தான்.

அந்தத் தொப்பையோடு எப்படிப் பறந்தான் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. உடம்பு முழுக்கக் காற்றில் கிடந்தது, உள்ளங்கை பந்துக்கு அடியில் போனது. கூட்டம் ஓவென்று அலறியது. என் கையிலிருந்த ஒயின் பாவாடையில் கொட்டியது. பாவி, இத்தனை வருஷப் பொய்யை ஒரே நிமிஷத்தில் நிஜமாக்கிவிட்டானே! அதற்குப் பந்து கொடுத்தவனும் என் புருஷன்தான்!

லூக்ஷா தட்டிய பந்து உயர எழும்பி, மெதுவாக, விஸ்கோவை நோக்கி இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டுகூடத் தட்டலாம். விஸ்கோ அதை அண்ணாந்து பார்த்தான். கைகளைக் கட்டிக்கொண்டான். பந்து அவன் காலடியில் தொப்பென்று விழுந்தது.

எட்டாத பந்து விழுவது வேறு. கைக்கு வந்ததை ஒருவன் வேண்டுமென்றே விடுவதை எங்கள் கடற்கரை பார்த்ததே இல்லை.

லூக்ஷா மூக்கில் தண்ணீர் ஒழுக எழுந்தான். "டேய்! ஏண்டா விட்ட? கைக்கு வந்த பந்துடா!"

"அன்னிக்கு நான் பறந்து எடுத்தது உன் கைக்கு வந்துச்சு. வாங்கின நீ, எல்லாமே உன்னுதுன்னு சொல்லிட்ட. இன்னிக்கு நீ எடுத்தது என் கைக்கு வருது. எனக்கு வேண்டாம்."

லூக்ஷா கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையேறினான்.

பேப்பரில் படம் வந்தது. நடுவில், பறந்து தண்ணீரில் விழுந்த லூக்ஷா. ஓரத்தில் கட்டிய இரண்டு கைகள், கீழே நீல டிரவுசர், இடுப்போரம் வெள்ளைத் தையல். மீன் மார்க்கெட்டில் நுழைந்ததுமே தராசுக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், துறைமுகத்துப் படத்துலயும் இதே ஒட்டுதானேடி? தைச்சது நீதானா? இவ்ளோ கேவலமாவா தைப்ப?"

"ஆமாடி, நானேதான்! ஓரத்துல முழங்கையோட வெட்டுப்பட்டிருக்கே, அதுதான் உங்க மன்னன்!" என்று மார்க்கெட்டே கேட்கச் சொன்னேன். என் தையலை யாராவது திட்டி நான் குளிர்ந்துபோனது அன்று ஒருநாள்தான். சாயங்காலத்துக்குள் மன்னனுக்கு 'முழங்கை' என்று பெயர் வந்துவிட்டது. இப்போது சின்னக் குழந்தைகூட 'முழங்கை லூக்ஷா' என்றுதான் கூப்பிடுகிறது. பாடம் கேட்கவும் முன்போல யாரும் வருவதில்லை.

விஸ்கோவுக்கும் அடி விழாமல் இல்லை. கூட ஆடிய மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். "கை நழுவிடுச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிடு விஸ்கோ. மறுபடி ஆடலாம்."

"நழுவல. விட்டேன்."

"தெரிஞ்சே விட்டவனோட எப்படி ஆடறது?"

"தெரிஞ்சே பொய் சொன்னவனோட ஆடினீங்கல்ல?"

அவர்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், திரும்பக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் விஸ்கோ என்னோடு மணலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்கிறான். வட்டத்தில் பந்து எழும்பும்போதெல்லாம் அவன் உள்ளங்கை தானாக விரிகிறது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

கூடத்துக்காரர்கள் லூக்ஷாவின் பெயரைச் சுரண்டிவிட்டு விஸ்கோவின் பெயரை எழுத வந்தார்கள். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "சுரண்டின எடம் அப்படியே இருக்கட்டும். பாக்கறவன் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டான்.

கேட்கிறார்கள். நேற்று மழையில் நான் அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது, பெட்டியோடு நின்ற ஒரு பெரியவர் அவனிடமே கேட்டார், "தம்பி, இந்தப் படத்துல இருக்கறது யாரு?"

விஸ்கோ ரொட்டியை மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னான்:

"பறக்கறவன் யாரோ, எவனோ. அந்த ஓரத்துல ஒரு முழங்கை தெரியுது பாருங்க. அது யாருதுன்னு இந்த ஊர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க, சொல்லுவாங்க."