ஸ்டீரியோவில் எரிந்த பச்சை மணி

எங்கள் பழைய காரின் ஸ்டீரியோவிலிருந்து அந்தக் குட்டி பல்பைக் கழற்றியது அப்பாவா, அம்மாவா? இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. இருவரையும் கேட்டாயிற்று. இருவருமே மற்றவரைக் கைகாட்டுகிறார்கள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் வீடு. மேற்குத் தாம்பரத்தில் அம்மா ஆசிரியையாக இருந்த பள்ளியில்தான் நானும் மூன்றாம் வகுப்பு படித்தேன். காலையில் அப்பா எங்களை இறக்கிவிட்டு ஆபீஸ் போவார். கேசட் போடும் அந்த ஸ்டீரியோவின் முகப்பில் பச்சையாக மணி தெரியும். அம்மா வழி நெடுக அதையே பார்த்துக்கொண்டு வருவாள்.

"எட்டு இருபது ஆச்சு. ரயில்வே கேட்ட மூடிருவான்."

"மூடினா? தண்டவாளத்துக்கு மேல பறக்கவா?" என்பார் அப்பா.

"சீக்கிரம் கிளம்புங்கன்னு தினம் சொல்றேன். காதுல விழுந்தாத்தானே!"

பள்ளி வாசலில் இறங்கும்போது இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். எனக்கு வயிறு வலிக்கும்.

ஒருநாள் முகப்பு விளக்கு போய்விட்டது. கடிகாரம் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும், கண்ணுக்குத் தெரியவில்லை. அம்மா கையில் வாட்ச் இருந்தது. ஏனோ அதை அவ்வளவாகப் பார்க்கவில்லை. காரில் பாட்டுக் கேட்டோம். அப்பா ஆபீஸ் கதை சொன்னார், அம்மா சிரித்தாள். வழக்கத்தைவிடத் தாமதமாகப் போனதாகவும் நினைவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, எதையும் ரிப்பேராக விட்டுவைக்க மாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்மலில் பல்பு வாங்கி வந்து, ஸ்டீரியோவை வெளியே இழுத்து மூடியைத் திறந்தார். கருகிய பல்பு அரிசி அளவுதான் இருந்தது. அதன் பச்சை ரப்பர் தொப்பியைக் கழற்றிப் புதியதற்கு மாட்டிப் பொருத்தினார். முகப்பு பளிச்சென்று எரிந்தது.

"எப்டிக்கா? புதுசு மாதிரி இல்ல?"

"ம்" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை மறுபடி கேட், மறுபடி வயிற்று வலி. எனக்கு மாமா மேல்தான் கோபம்.

அந்த வாரம் முடிவதற்குள் முகப்பு மீண்டும் இருண்டது. மாமா வந்து பிரித்துப் பார்த்தார். பல்பு இருந்த இடமே காலி.

"இது தானா கழண்டு விழாதுக்கா. யாரோ எடுத்திருக்காங்க!"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "விடு மச்சான், தோசை ஆறுது. வந்து சாப்பிடு."

அதன்பிறகு காரை விற்கும்வரை யாரும் புது பல்பு கேட்கவில்லை. ஏனென்று எனக்கு அப்போது புரியவில்லை. வயிறு வலிக்காதது மட்டும் தெரிந்தது.

இப்போது காரை ஓட்டுவது நான். பின்சீட்டில் யு.கே.ஜி. படிக்கும் மகள். "சீக்கிரம், டைம் ஆச்சு" என்று நான் சொல்லாத சிக்னல் இல்லை. காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள். டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார். போன வாரம் காரில் ஏறினால், மணி தெரியும் இடத்தில் வரிசையாக ஸ்டிக்கர் பொட்டுகள். குளியலறைக் கண்ணாடியில் நான் ஒட்டிவைத்தவை.

யாரென்று கேட்டேன். "நான் இல்ல, அப்பாதான்" என்றாள் மகள். "நானா? அவதான்" என்கிறார் என் கணவர்.

இன்னும் பிய்க்கவில்லை. அப்படியே விடுவதும் சரியா என்று தெரியவில்லை; பள்ளிக்கூட கேட் யாருக்காகவும் காத்திருக்காது. மணியைப் பார்க்காமலே நேரத்துக்குப் போய்ச்சேரும் வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.