எறும்பு செத்தது, பால் கெடவில்லை

புந்தோங்கில் நடக்கும் இந்த வீட்டு ஜெபத்துக்கு வரும் உங்களுக்கு என்னையும் தெரியும், என் வாயும் தெரியும். ஆனால் 1979-இல், காம்பார் பக்கத்து எஸ்டேட்டில் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தபோது, நாலு நாள் இந்த வாயில் அழுகையைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

என் மகன் சாமுவேலுக்கு அப்போது ஒன்றரை மாதம். எனக்கு இடது மார்பு கல்லாய் வீங்கிக் காய்ச்சல் கொதித்தது. என் நாத்தனார் எஸ்தர் கரண்டியில் என் பாலைப் பீய்ச்சி, ஓர் எறும்பைப் பிடித்துப் போட்டாள். எங்கள் லயத்து வீடுகளில் அப்படித்தான் பார்ப்பார்கள். எறும்பு செத்தால் பால் கெட்டது என்று அர்த்தம். எறும்பு செத்தது.

"அண்ணி, இனிமே பிள்ளைக்குக் கொடுக்காதீங்க. வெசம்லா," என்றாள்.

டின் பால் கரைத்துக் கொடுத்தோம். பிள்ளை குடித்ததையெல்லாம் கக்கினான், வயிற்றாலும் போயிற்று. மூன்றாம் நாள் அழக்கூட அவனுக்குத் தெம்பில்லை. என் பாலோ சேலையை நனைத்து வீணாகிக்கொண்டிருந்தது. என் உடம்பே எனக்கு அருவருப்பாக இருந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் ஆலயம் போகிறவள், அன்று அடுப்படியில் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் பாலைச் சுத்தமாக்கும்" என்று அழுதேன். வேறு ஜெபம் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை மிஸி வந்து நின்றார். பிள்ளைகளுக்கு ஊசி போடும் நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் அடுத்த வாரம்தான் வர வேண்டும். அன்று போகவேண்டிய இன்னொரு எஸ்டேட்டுப் பாதையில் வெள்ளமாம், அதனால் எங்கள் பக்கம் திரும்பிவிட்டாராம். நான் சொன்னதைக் கேட்டவர், கரண்டியில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓர் எறும்பைப் போட்டார். சற்று நேரத்தில் அதுவும் செத்தது.

"தண்ணியும் வெசமா தங்கச்சி?" என்று எஸ்தரைக் கேட்டார். பிறகு என்னிடம், "மார்புல கிருமி பூந்திருக்கு, அதான் வீக்கம். பால்ல கொஞ்சம் கிருமி இருந்தாலும் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நிறுத்தினாத்தான் வீக்கம் கூடும். மாத்திரை தாரேன், பிள்ளைய மார்புல போடுங்க," என்றார்.

போட்டேன். வலியில் உயிர் போய் வந்தது. அவன் விடாமல் குடித்தான். ஒரு வாரத்தில் வீக்கமும் வற்றியது, அவன் வயிறும் தேறியது. பாலைச் சுத்தமாக்கும்படி நான் கேட்டேன். அது கெடவேயில்லை என்று சொல்ல ஆண்டவர் ஆள் அனுப்பினார்.

எஸ்தரோடு நெடுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடம் கழித்து அவளுக்குப் பிள்ளை பிறந்து, அவளுக்கும் மார்பு வீங்கியது. ஆள் விட்டாள், போனேன். கரண்டி எங்கே என்றுதான் முதலில் பார்த்தேன்.

"எறும்பு வேணாம் அண்ணி. மிஸிக்குச் சொல்லியாச்சு. நீங்க பக்கத்துல உட்கார்ந்து ஜெபம் பண்ணுங்க லா," என்றாள். என் கோபம் அன்றோடு போயிற்று.

சாமுவேலுக்கு இப்போது ஏழு வயது. சட்டையில் ஒரு பொத்தான் நிற்பதில்லை, அவ்வளவு ஓட்டம். நானும் அதற்குப் பிறகு ஒரு ஞாயிறும் ஆலயம் தவறியதில்லை. கைப்பிள்ளையோடு பயந்துகொண்டிருக்கிற தாய் உங்களில் யாராவது இருந்தால் என்னிடம் வாருங்கள். மிஸியிடமும் கூட்டிப்போகிறேன், கூட உட்கார்ந்து ஜெபமும் பண்ணுகிறேன். அடுப்படியில் அழுத என் குரலைக் கேட்டவர், உங்கள் குரலையும் கேட்பார்.