படத்தில் மிஞ்சிய கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மடையன். அதுவும் சாதாரண மடையன் இல்லை. கைநூலின் முதல் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டு, ‘கொம்பியூட்டர் நிபுணர்’ என்று விசிட்டிங் காட் அடித்துக்கொண்ட மடையன்.

சுனாமி வந்த வருடம், கல்முனை பிரதான வீதியில் ஒரு ஸ்டூடியோவின் மேல்மாடியில் எனக்கு வேலை. டிஜிட்டல் கமெரா எங்கள் பக்கம் அப்போதுதான் எட்டிப் பார்த்திருந்தது. கல்யாணப் படங்களைக் கொம்பியூட்டரில் ஏற்றி, வெளிச்சம் கூட்டி, ஓரம் வெட்டி அல்பத்துக்குத் தயாராக்க வேண்டும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்து அலுத்துப்போயிருந்தபோதுதான், படம் திருத்தும் மென்பொருளில் இரண்டு சங்கதிகளைக் கண்டுபிடித்தேன். வெளிச்சம், நிறம் இவற்றின் அளவைச் சேமித்து வைத்தால் அது ‘ப்ரீசெட்’. செய்கிற வேலையையே படிப்படியாகப் பதிந்து வைத்தால் அது ‘அக்‌ஷன்’. கசெட்டில் பேச்சைப் பதிவது மாதிரித்தான். பிறகு ஒரு விசையைத் தட்டினால் போதும், படங்கள் தாமாகத் திறக்கும், மாறும், மூடும். நான் கீழே போய் பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம். ஒருமுறை முதலாளி மேலே வந்து, ஆளில்லாத கதிரையையும் ஓடிக்கொண்டிருந்த திரையையும் பார்த்துவிட்டு, “ஜின்னு ஏதும் புடிச்சு வெச்சிரிக்கியாடா?” என்று கேட்டார். ஏவினதைச் செய்யும் பூதத்தையே பிடித்துவிட்டதுபோல் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வருடம் சாய்ந்தமருதுவில் ஒரு கல்யாணம். முதல் படத்தின் இடது ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையும் ஜெனரேட்டர் வயரும் அசிங்கமாகத் தெரிந்தன. அக்‌ஷன் பதிவை ஓடவிட்டு, அந்த ஓரத்தை வெட்டினேன். என் ப்ரீசெட்டைப் போட்டு எல்லோரையும் வெள்ளையாக்கினேன். சேமித்தேன், மூடினேன். மிச்சப் படங்கள் அத்தனையையும் ஜின்னிடம் ஒப்படைத்துவிட்டு பிளேன்டீக்கு இறங்கினேன். அல்பம் போனது. கமெராவின் மெமரி அட்டையை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோனோம். யாரும் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில்தானே நிற்பார்கள்.

பிறகு கடல் வந்தது. எங்கள் மேல்மாடிக்கு அது ஏறவில்லை. ஆனால் அடுத்தடுத்த வாரங்களில் கடலிடம் ஆட்களைக் கொடுத்தவர்கள் ஏறி வந்தார்கள். அவர்களில் ஒருவர் மீன்பிடிக்கும் ஒரு காக்கா; அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அந்தக் கல்யாணப் பெண்ணின் ராத்தாவை, அதாவது அக்காவை, கட்டியவர்.

“தம்பி, என்ட மச்சினிட கல்யாணப் படம் உங்கட்ட இரிக்கிதானே? அதுல என்ட பொஞ்சாதி நிப்பா. ஒரு படம் எடுத்துத் தாங்க. வீடும் இல்ல, அல்பமும் இல்ல, அடக்குறதுக்கு அவட மையித்தும் கிடைக்கல்ல.”

“எல்லாம் பத்திரமா இரிக்கி காக்கா, இரிங்க” என்று பெரிய மனிதன் மாதிரிக் கதிரையை இழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாகத் திறந்தேன். மணப்பெண் இருந்தாள், மாப்பிள்ளை இருந்தார், பிரியாணிச் சட்டிகூட இருந்தது. அவர் தேடிய முகம் மட்டும் எதிலும் இல்லை.

“அவக்குப் படம் எண்டா வெக்கம். எப்பயும் தங்கச்சிக்கு இந்தப் பக்கத்துல, ஓரத்துலதான் நிப்பா” என்று திரையின் இடது ஓரத்தைக் காட்டினார்.

மிச்சப் படங்களில் இடது ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன்.

கடைசியில் ஒரு படத்தில், மணப்பெண்ணின் தோளில் ஒரு கை. மணிக்கட்டு, இரண்டு கண்ணாடி வளையல். அத்தோடு படம் முடிந்துவிட்டது. அவர் திரையில் விரலை வைத்தார்.

“இது அவட கை. மத்தது எங்க?”

செய்ததை மீட்கும் விசையைத் தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். படத்தை மூடியதும் அந்த நினைவு அழிந்துவிடும் என்பது கைநூலில் நான் படிக்காத அத்தியாயம். அக்‌ஷனுக்குக் கண் இல்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. முதல் படத்தில் என் கை போன இடத்துக்கே எல்லாப் படத்திலும் அது போகும். அங்கே நிற்பது கதிரையா, ஒருவருடைய மனைவியா என்று பார்க்காது. வேறு பெயரில் சேமிக்கும் படியை மட்டும் பதிந்திருந்தால்கூட அசல் படங்கள் தப்பியிருக்கும்.

“நான்தான் வெட்டிப்போட்டன் காக்கா” என்றேன்.

“வெட்டுறதுக்கு ஒரு பட்டன் இரிந்தா, ஒட்டுறதுக்கும் ஒண்டு இரிக்கும்தானே, தம்பி?”

கோபமே இல்லாமல் கேட்டார். உண்மையிலேயே அப்படி ஒன்று இருக்கும் என்று நம்பிக் கேட்டார். எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கும் என் வாய், இல்லை என்று சொல்லவே பாடுபட்டது. தெரிந்தவர்களிடமெல்லாம் கமெரா அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதன்மேல் எத்தனையோ கல்யாணங்கள் ஏறிவிட்டிருந்தன. அந்தக் கையுள்ள படத்தையே அச்சடித்துக் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார்.

“அவ இவ்வளவு வெள்ளை இல்ல” என்றார். ஆனாலும் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

யுத்தம் முடிந்து, வீதிச் சோதனைச் சாவடிகள் ஒவ்வொன்றாக எடுபட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவர் மறுபடி படியேறி வந்தார். படம் ஈரம் குடித்துப் புள்ளி புள்ளியாகிவிட்டது, இன்னொன்று வேண்டும் என்றார். அதற்குள் நான் எல்லா அக்‌ஷன்களையும் அழித்துவிட்டு, ஒவ்வொரு படமாகக் கையாலேயே திருத்துகிறவனாகியிருந்தேன். இன்றும் அப்படித்தான். வெட்டும் முன் நான்கு ஓரங்களையும் பார்க்கிறேன். அங்கே யாரும் நிற்காவிட்டால்கூட விரல் தயங்குகிறது. ஆனால் அன்று, திரையில் அந்தக் கையைப் பார்த்ததும் பழைய நிபுணன் எழும்பிவிட்டான். இப்போது புது மென்பொருள் இருக்கிறது, வெள்ளையைக் குறைக்கலாம், அவருடைய மனைவியின் நிறத்துக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்க்கிறேன் என்று அளந்துகொண்டே மவுஸில் கையை வைத்தேன்.

“நீங்க ஒண்டும் செய்யாதீங்க, தம்பி.”