சாலிசு உடுத்திய நீலத் துணி

ரக்கியா பெட்டியைத் திறந்து அடிவரை துழாவினாள். பண்டிகைக்கென்று மடித்து வைத்திருந்த நீலத் துணியைக் காணோம். காலையில் புருஷன் லவாலி கிளம்பும்போது அக்குளில் ஒரு மூட்டை இருந்தது. ஜிந்தேர் பக்கத்துக் கிராமங்களில் கல்யாணமான ஆண்பிள்ளை பெண்கள் துணியை மூட்டை கட்டிக்கொண்டு வெளியே போனால் இரண்டாவதாகப் பெண் பார்க்கப் போகிறான் என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டுத் தேலு வேறு கிணற்றடியில் ஏற்கெனவே கிளறிவிட்டிருந்தாள். "எங்க வீட்டுக்காரரு இப்பல்லாம் என்னைக் கேக்காம ஒண்ணும் செய்யறதில்ல. அடுத்த புள்ள எப்பன்னு கூட என்னையே கேட்டாரு. எல்லாம் உங்க வீட்டுக்காரரு சொல்லிக் குடுத்தது. நீங்க குடுத்து வெச்சவங்க அக்கா."

கொடுத்து வைத்தவளாம். லவாலி புருஷன்மார் பள்ளிக்கூடத்தில் முதல் ஆள். மனைவியைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, பிள்ளைக்கும் பிள்ளைக்கும் இடைவெளி விடுவது என்று ஆண்கள் வாராவாரம் கூடிப் பேசுகிற இடம் அது. வீடு வீடாகப் போய் வாய் வலிக்கப் பேசுகிறவன், சொந்த வீட்டில் ஊமை. முதலில் கட்டியவளிடம் பிரியமாகப் பேசுவதும் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் அந்த ஊரில் வெட்கக்கேடு. கல்யாணமானதிலிருந்து அவள் பேரைக்கூட அவன் சொன்னதில்லை. "ஏய், இந்தா"தான்.

போன பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. பிழைத்ததே பெரிது. இப்போது கடைக்குட்டி பால் மறந்துவிட்டான். இன்னொன்று உண்டானால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். நர்சம்மாவிடம் பிள்ளை உண்டாகாமலிருக்க ஊசி இருக்கிறது. ஆனால் புருஷனுக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டு மாட்டினால் தாய் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். அவளாகப் பேச்சை எடுப்பதும் மானக்கேடு. அவன்தான் கேட்க வேண்டும். தேலுவுக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லை.

கம்பு இடிப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்பினாள். அந்தப் புதுப் பெண்ணின் முகத்தை ஒரு தடவை பார்த்தால் போதும். வழியில் புருஷன்மார் பள்ளிக்கூடத்திலிருந்து லவாலியின் குரல் கேட்டது. அதன் கம்பந்தட்டை வேலியில் கண்ணை வைத்தாள்.

நீலத் துணியைச் சுற்றிக்கொண்டு, முக்காடும் போட்டு, ஒயிலாக உட்கார்ந்திருந்தவன் கசாப்புக்கடை சாலிசு. தாடி வெளியே தெரிந்தது. மனைவியிடம் எப்படிப் பேசுவது என்று ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

லவாலி அவன் எதிரே குந்தி, மெதுவாகச் சொன்னான். "ரக்கியா, போன தடவ நீ போய்ச் சேந்துடுவியோன்னு பயந்தே போனேன். இப்ப இன்னொண்ணு வேணுமா, வேணாமா? நீயே சொல்லு."

அவள் பேர். முதல்முதலாக அவன் வாயில் வந்தது, வந்து ஒரு தாடிக்காரனுக்குப் போய்விட்டது. தேலுமேல்கூட ரக்கியாவுக்கு இத்தனை பொறாமை வந்ததில்லை.

சாலிசு குரலை மெலிதாக்கிக்கொண்டு, "அல்லா குடுத்தா பெத்துக்கறேங்க" என்றான். கூட்டம் சிரித்தது.

ரக்கியா வேலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"சாலிசு அண்ணே, என் துணிய அவுத்துக் குடுங்க. எனக்காக நீங்க பெத்துக்க வேணாம்."

துணியை வாங்கிப் போர்த்திக்கொண்டு சாலிசு இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். லவாலி அவசரமாக எழுந்தான்.

"ஏய், இந்தா... வீட்டுக்குப் போ. அங்க பேசிக்கலாம்."

"அங்க நீங்க பேச மாட்டீங்க. அண்ணன்கிட்ட கேட்டீங்கள்ல, அதே மாதிரி கேளுங்க. பேரச் சொல்லிக் கேளுங்க. பதில் என்கிட்டதான் இருக்கு."